உள்ளே எந்த மேடம்?

செவிலியர் கல்லூரியின் ஸ்கில் லேப் வாசலில் ரீ-டெமோவுக்கு, அதாவது கற்ற செய்முறையை ஆசிரியர் முன் செய்து காட்ட, வரிசையில் நிற்கும் மாணவிகள் ஒருத்தியை ஒருத்தி முதலில் கேட்டுக்கொள்வது, "உள்ளே எந்த மேடம்டி?" பதில் வந்ததும் கடைசி நிமிடத் திருத்தம் நடக்கும். இந்த மேடம் என்றால் இன்சுலின் ஊசியை 45 டிகிரியில் குத்த வேண்டும், அந்த மேடம் என்றால் 90. இவர் தோலை மடித்துப் பிடிக்கச் சொல்வார், அவர் மடித்தால் மார்க்கைக் குறைப்பார். ஒருவருக்குக் குத்தியபின் பிஸ்டனை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், இன்னொருவர் "தோலடி ஊசிக்கு எதற்கு அது?" என்று கேட்பார். மாணவி உள்ளே போகிறாள், நாற்காலியில் இருப்பவரின் முறைப்படி செய்து காட்டுகிறாள், கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வருகிறாள். எது சரி, ஏன் சரி என்ற கேள்வி அவளுக்குள் எழவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவள் வார்டில் ஒரு நோயாளியின் முன்னால் நிற்கும்போது அங்கே எந்த மேடமும் இருக்க மாட்டார்.

கோணம், மடிப்பு இரண்டிலும் யாரும் தவறாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் என் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. 45 டிகிரி என்பவர் 8 மில்லிமீட்டர் ஊசி உள்ள சிரிஞ்சில் பழகியவர். ஒல்லியான நோயாளிக்கு அதை நேராக இறக்கினால் தசைக்குள் போய்விடும். தசையில் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும், சர்க்கரை எதிர்பாராமல் இறங்கும். அதனால் தோலை மடித்துப் பிடி, சாய்த்துக் குத்து என்கிறார். 90 என்பவர் 4 மில்லிமீட்டர் பேனா ஊசியை மனதில் வைத்துப் பேசுகிறார். அதைச் சாய்த்தால் மருந்து தோலிலேயே நின்றுவிடலாம். பெரும்பாலான பெரியவர்களுக்கு மடித்துப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி. மருந்து தோலைத் தாண்ட வேண்டும், தசையைத் தொடக் கூடாது, நடுவிலுள்ள கொழுப்பில் இறங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை இருவரும் ஒரே வகுப்பில், இரண்டு ஊசிகளையும் அருகருகே வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் வாசலில் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

நம் செவிலியர் கல்லூரிகளில் கால அட்டவணையைப் பார்த்தால் ஒரு சப்ஜெக்டுக்கு எதிரே இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி "டீம் டீச்சிங் (சேர்ந்து கற்பித்தல்) நடக்கிறது" என்கிறோம். உண்மையில் நடப்பது யூனிட் பிரிப்பு. முதல் ஐந்து யூனிட் ஒருவருக்கு, அடுத்த ஐந்து இன்னொருவருக்கு. முதலாமவர் எங்கே நிறுத்தினார், எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், எதை "அடுத்த மேடம் சொல்லுவாங்க" என்று விட்டார் என்பது இரண்டாமவருக்குத் தெரியாது. வகுப்பில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்: "இது முடிச்சாச்சா?" ஐம்பது குரல்கள் "முடிச்சாச்சு மேடம்" என்று சொல்லும். அதோடு அந்தப் பகுதி போயிற்று.

நீரிழிவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் கணையத்தின் வேலை முதல் செமஸ்டரில் உடலியங்கியலில் வருகிறது. மாவுச்சத்து உடலில் என்ன ஆகிறது என்பது இரண்டாம் செமஸ்டர் உயிர்வேதியியலில். நீரிழிவுக்காரருக்கான உணவு அதே செமஸ்டரில் ஊட்டச்சத்தில். ஊசி போடும் முறை நர்சிங் ஃபவுண்டேஷன் இரண்டாம் பகுதியில். இன்சுலின் வகைகள் மூன்றாம் செமஸ்டர் ஃபார்மகாலஜியில், அதாவது மருந்தியலில். நோயாளிப் பராமரிப்பு அதே செமஸ்டரின் அடல்ட் ஹெல்த்தில் (பெரியவர்களுக்கான செவிலியப் பாடம்). ஆறு பாடம், ஐந்தாறு ஆசிரியர்கள். இந்த ஆறு வகுப்பிலும் உட்கார்ந்தவர் என்று கல்லூரியில் ஒரே ஒரு தரப்புதான் உண்டு, மாணவி. துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் வேலையை, நாம் யாரும் ஒருமுறைகூடச் செய்து பார்க்காத வேலையை, பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வார்டில் அவள் தடுமாறும்போது "தியரியை அப்ளை பண்ணத் தெரியல" என்று ரெக்கார்டில் எழுதுகிறோம்.

பாடத்திட்டத்தின் பெயரளவில் ஒருங்கிணைப்பு இருக்கத்தான் செய்கிறது. அடல்ட் ஹெல்த் பாடத்தின் தலைப்பிலேயே நோய்க்கூறு உடலியங்கியல் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தேர்வுத்தாள் பிரிந்தே நிற்கிறது. ஃபார்மகாலஜி 38 மார்க், பேத்தாலஜி (நோய்க்குறியியல்) 25, மரபியல் 12 என்று ஒரு தாளுக்குள் மூன்று தனி அறைகள். தாள் அப்படி இருக்கும்வரை அவரவர் அறையை அவரவர் பார்த்துக்கொள்வது இயல்பு. ஆகவே சேர்ந்து கற்பிப்பதற்கான கட்டாயம் மேலிருந்து வரப்போவதில்லை. ஆசிரியர்கள் தாங்களாகத்தான் உட்கார வேண்டும்.

எத்தனை பேர், எப்படி நிற்பது

சிறப்புக் கல்வித் துறையில் லின் குக், மர்லின் ஃபிரண்ட் இருவரும் 1995இல் இணைந்து கற்பிப்பதை ஐந்து வகையாகப் பிரித்தார்கள், பிறகு ஒன்றைச் சேர்த்து ஆறாக்கினார்கள். ஒருவர் நடத்த ஒருவர் கவனிப்பது, ஒருவர் நடத்த ஒருவர் உதவுவது, வகுப்பை இரண்டாக்கி ஒரே பாடத்தை நடத்துவது, மேசை மேசையாகச் சுற்ற வைப்பது, பின்தங்கிய சிலரைத் தனியே எடுத்துக்கொள்வது, இருவரும் சேர்ந்தே பேசி நடத்துவது. நர்சிங்குக்கு இதில் இரண்டுதான் பெரிதும் பயன்படும் என்பது என் கருத்து. கருத்து மோதும் பகுதிக்கு இருவரும் சேர்ந்து பேசுவது. கைவேலை உள்ள பகுதிக்கு மேசை சுற்று. மற்ற நான்கும் தேவைக்கு. நம்மிடம் அதிகம் நடப்பது இரண்டாவது வகையின் மோசமான வடிவம். மூத்தவர் நடத்துவார், டியூட்டர் எனும் இளநிலை ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுப்பார், ரெக்கார்ட் திருத்துவார். சம்பளம் வாங்கும் இரண்டு பேர் அந்த அறையில் இருக்கிறார்கள், கற்பிப்பவர் ஒருவர்.

எல்லாப் பாடத்தையும் சேர்ந்து நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஒரு செமஸ்டருக்கு நான்கைந்து தலைப்பு போதும். தேர்ந்தெடுக்கும் அளவுகோல் இரண்டு: ஒன்று, இரண்டு ஆசிரியர்கள் இப்போது வேறு வேறு விதமாகச் சொல்லும் விஷயமா? இரண்டு, தவறினால் நோயாளிக்குச் சேதம் உண்டா? இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் பட்டியலில் வை. மூக்குவழிக் குழாய் அப்படிப்பட்டது. குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்கக் காற்றை ஊதி ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதை இன்னும் டெமோவில் செய்து காட்டுகிறோம். நுரையீரலுக்குள் போன குழாயிலும் அந்தச் சத்தம் கேட்கும் என்பதால் அது நம்பத்தக்கதல்ல. உறிஞ்சிய திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ்-ரே. ஆனால் பல வார்டுகளில் பி.எச். பட்டையே இருக்காது. லேபில் ஒன்று, வார்டில் ஒன்று. சளி உறிஞ்சுதல், ரத்தம் ஏற்றுதல், பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவைத்தல் எல்லாம் இந்த ரகம். ஆனால் முதலில் தொடங்க இன்சுலினைவிட நல்ல தலைப்பு இல்லை.

மேசைமேல் ஒரு இன்சுலின் வயல், இரண்டு சிரிஞ்சு

வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைவிட அதற்கு முன்பு ஆசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. அங்கே லெசன் பிளானை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. காகிதத்தை வைத்துப் பேசினால் "நீங்க இந்த பாயின்ட் எடுத்துக்கோங்க, நான் அதை எடுத்துக்கறேன்" என்று மீண்டும் யூனிட் பிரிப்பில்தான் முடியும். பொருளை வைக்க வேண்டும். வார்டில் இருக்கும் அதே இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி), சிவப்பு மூடி சிரிஞ்சு ஒன்று, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு ஒன்று, ஒரு பேனா. யார் யார் இருக்க வேண்டும்: ஃபார்மகாலஜி நடத்துபவர், அடல்ட் ஹெல்த் நடத்துபவர், ஊட்டச்சத்து நடத்துபவர், லேபில் ரீ-டெமோ வாங்கும் டியூட்டர், மாணவிகள் போஸ்டிங் போகும் மெடிக்கல் வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். கடைசியாகச் சொன்னவரை விட்டுவிட்டால் மற்ற நால்வரும் உட்கார்வதில் பாதிப் பயன்கூட இல்லை.

பிறகு ஒவ்வொருவரும் தான் வகுப்பில் சொல்வதை அப்படியே சொல்லிச் செய்து காட்ட வேண்டும், மாணவிக்குச் செய்வதுபோல. அப்போதுதான் வெளியே வரும். ஃபார்மகாலஜி மேடம் இன்சுலின் வகை, செயல்படத் தொடங்கும் நேரம், உச்ச நேரம் எல்லாம் அட்டவணை போட்டுச் சொல்கிறார். செறிவு என்று வரும்போது ஒரு மில்லிக்கு நூறு யூனிட் என்கிறார், சர்வதேசப் புத்தகங்களில் அதுதான் இருக்கிறது. டியூட்டர் கையில் எடுப்பதோ 40 யூனிட் வயல், அதன் லேபிளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றிருக்கிறது. இந்தியாவில் இரண்டும் புழக்கத்தில் உண்டு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. டாக்டர் காலையில் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். 40 வயலிலிருந்து சிவப்பு மூடியில் 20 கோடுவரை எடுத்தால் அரை மில்லி, சரியாக 20 யூனிட். அதே வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் 0.2 மில்லி, வெறும் 8 யூனிட். மூன்று நாள் சர்க்கரை இறங்காது, டாக்டர் டோஸை ஏற்றுவார், நான்காம் நாள் சரியான சிரிஞ்சு கிடைக்கும், நோயாளி மயங்குவார். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். 100 செறிவுள்ள பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து, பேனா ஊசி தீர்ந்துபோனது என்று சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சினால், 20 கோட்டில் இருப்பது 50 யூனிட். இரண்டரை மடங்கு. கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் எடுக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறோமா என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஃபார்மகாலஜியில் அது 'ப்ரோசீஜர்', ஃபவுண்டேஷனில் அது 'மருந்து'. இரண்டு பாடத்துக்கும் நடுவில் விழுந்துவிட்ட விஷயம் அது.

அடுத்தது ஊட்டச்சத்து மேடம். தாழ்சர்க்கரை வந்தால், அதாவது ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிடத்தில் திரும்பப் பார் என்கிறார். நான்கு ஆண்டாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் ஃபார்மகாலஜி மேடம் கையை உயர்த்துவார்: "பேஷன்ட் அகார்போஸோ வோக்ளிபோஸோ சாப்பிடறவரா இருந்தா?" அந்த மாத்திரைகள் குடலில் சர்க்கரையைப் பிரிக்கும் நொதியையே தடுப்பவை. சமையலறைச் சர்க்கரை பிரிந்து ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். அவருக்குக் குளுகோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். ஒரு பாடத்தில் மாத்திரையின் வேலையாகவும் இன்னொரு பாடத்தில் மூன்று கரண்டியாகவும் தனித்தனியே இருந்த இரண்டு செய்திகள் அந்த மேசையில்தான் முதல்முறை சந்திக்கின்றன. இரண்டும் மாணவியின் நோட்டில் வேறு வேறு பக்கத்தில் எத்தனையோ வருடமாக இருந்தவைதான்.

கடைசியில் இன்சார்ஜ் சிஸ்டர் பேசுவார். அவர் அதுவரை பேசாமல் இருப்பார், கல்லூரி மேடம்கள் முன்னால் பேசலாமா என்ற தயக்கம். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சிஸ்டர், உங்க வார்டில் காலையில் இன்சுலின் எத்தனை மணிக்கு? டிஃபன் எத்தனை மணிக்கு?" நைட் டியூட்டி சிஸ்டர் ஹேண்ட் ஓவருக்கு முன் வேலையை முடிக்க ஆறரைக்கே போட்டுவிடுவார், உணவு வண்டி எட்டு மணிக்குத்தான் வரும் என்று பதில் வந்தால், அறையில் இருக்கும் நால்வரின் பாடமும் அங்கே நிற்கிறது. 30/70 கலவை இன்சுலினும் சாதா இன்சுலினும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. புதிய வேகமான வகைகள் சாப்பிடும் சமயத்திலோ கால் மணி நேரத்துக்கு உள்ளாகவோ. இதை எல்லோரும் சரியாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் "முதலில் வண்டி எங்கே இருக்கிறது என்று பார், பிறகு வயலை எடு" என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்தவர் வகுப்பில் இல்லை.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். சேர்ந்து கற்பிப்பதால் மாணவிக்கு என்ன கிடைக்கும் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். ஆசிரியருக்குத் தன் பாடத்தின் ஓட்டை தெரிவது இந்த மேசையில். தெரியும்போது கொஞ்சம் வலிக்கும். இத்தனை பேட்ச்சுக்கு இப்படித்தானே சொன்னோம் என்று தோன்றும். அந்த வலியைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மேசையில் மரியாதை இருக்க வேண்டும். அதனால்தான் முதல் கூட்டத்தில் பிரின்சிபால் உட்காராமல் இருப்பது நல்லது.

கூட்டத்தின் முடிவில் ஒரு பக்கத் தாள் ஒன்று தயாராக வேண்டும். மூன்று பத்தி. இடப்பக்கம் மோதிய விஷயம், நடுவில் முடிவு, வலப்பக்கம் காரணம். பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. "இன்சுலினுக்கு இழுத்துப் பார்த்தல்: வேண்டாம். தோலடிக் கொழுப்பில் பெரிய ரத்தக்குழாய் இல்லை." "கோணம்: 4 மி.மீ. நேராக, 8 மி.மீ. மடிப்பு எடுத்து, ஒல்லியானவருக்கு 45." "குத்தியபின் தேய்த்தல்: வேண்டாம், உறிஞ்சும் வேகம் மாறும்." முடிவு எட்டாத வரி இருந்தால் மருத்துவமனையின் எழுதப்பட்ட நடைமுறை முதலில், அது இல்லையென்றால் கல்லூரி பின்பற்றும் வழிகாட்டுதல். மருத்துவமனை நடைமுறை பழையதாக இருந்தால் இரண்டையும் எழுதி, "வார்டில் இப்படிப் பார்ப்பீர்கள், ஏன் மாற வேண்டும் என்றால் இது" என்று மாணவிக்குத் திறந்தே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அவள் வார்டில் கண்டுபிடிப்பாள், பிறகு நாம் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டாள். தாளின் கீழே தேதியும் ஐவரின் கையெழுத்தும்.

இரண்டு மணி நேரம்

அறுபது பேர் வகுப்புக்கு இரண்டு மணி நேரத் தொகுப்பு வேண்டும், ஒரு பாடவேளையில் முடியாது. முதல் 10 நிமிடம் ஒரு கேஸ். 52 வயது, 30/70 கலவை காலை 20, இரவு 10, கூடவே வோக்ளிபோஸ், 40 வயல். அடுத்த 25 நிமிடம் ஃபார்மகாலஜியும் அடல்ட் ஹெல்த்தும் சேர்ந்து நிற்பார்கள். இது மாறி மாறிப் பாடம் எடுப்பதில்லை. ஒருவர் மருந்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல மற்றவர் அதே கேஸ் ஷீட்டில் அது எங்கே உதைக்கிறது என்று கேட்க வேண்டும். பலகை ஒன்றே இருக்கட்டும். ஆளுக்கொரு பவர்பாயின்ட் கொண்டுவந்தால் அது இரண்டு வகுப்பாகிவிடும். முன்கூட்டியே ஒரு கருத்து வேறுபாட்டைத் தேர்ந்து அதை மாணவிகள் முன் வைத்தே பேசித் தீர்ப்பது மிக நல்லது. கோணம் பற்றியதை வைக்கலாம். மூத்த ஆசிரியர் "ஆமா, நான் 8 மில்லிமீட்டரை நினைச்சுச் சொன்னேன்" என்று சொல்வதை மாணவி கேட்கிறாள். வார்டில் ஒரு டாக்டரிடமோ சீனியரிடமோ "இந்த டோஸ் சரியா என்று ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்கும் தைரியத்தை வேறு எந்தச் சொற்பொழிவும் தராது.

மீதி 85 நிமிடத்தில் 80 நிமிடம் நான்கு மேசை, மேசைக்குப் பதினைந்து பேர், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம். இதில் 17 நிமிடம்தான் பாடம், 3 நிமிடம் நகர்வதற்கு. அந்த மூன்றை ஒதுக்காததால்தான் கடைசி மேசை எப்போதும் பாதியில் நிற்கிறது. முதல் மேசையில் வயலையும் சிரிஞ்சையும் பொருத்துவது. எட்டு ஜோடிகளை வைத்து, அதில் மூன்று தவறாகக் கலந்திருக்க வேண்டும். இரண்டாவதில் மருந்தை எடுப்பது. கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக் கூடாது. குலுக்கினால் நுரை வந்து அளவு குறையும். பயிற்சி வயலில் சலைனோடு சில சொட்டுப் பால் விட்டால் கலங்கல் கிடைக்கும், ஆனால் அன்று மாலையே கொட்டிவிட வேண்டும், வயல்மேல் "பயிற்சிக்கு மட்டும்" என்று சிவப்பில் ஒட்ட வேண்டும், ஒரு வயல்கூட லேபைவிட்டு வெளியே போகக் கூடாது. எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். மூன்றாவதில் மூன்று வேறு வேறு நீளமுள்ள ஊசி, கோணம், இடம் மாற்றிக் குத்துவது. போன முறை குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிக் குத்தச் சொல்ல வேண்டும்; ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்புக் கட்டி வந்தால் அங்கே போடும் மருந்து சரியாக ஏறாது. நான்காவதில் ஊட்டச்சத்து மேடமும் இன்சார்ஜ் சிஸ்டரும். அங்கே சிரிஞ்சே கிடையாது. ஒரு கடிகாரம், உணவு வண்டி வரும் நேரம் எழுதிய அட்டை, சர்க்கரை, குளுகோஸ் பொடி, தேக்கரண்டி. "வண்டி இன்னும் வரவில்லை, நோயாளி வியர்க்கிறார், என்ன செய்வாய்?" மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதும் இங்கேதான்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியர்கள் 15 நிமிடம் நின்றபடியே பேச வேண்டும், எந்த மேசையில் எல்லோரும் ஒரே தவறைச் செய்தார்கள் என்று. மறுநாள் என்று தள்ளினால் அது நடக்காது. அனுபவத்தில் பெரும்பாலும் முதல் மேசைதான். மாணவிகள் மூடி நிறத்தைப் பார்த்துப் பொருத்துகிறார்கள், வயலின் லேபிளைப் படிப்பதில்லை. மூடியைக் கழற்றி வைத்த சிரிஞ்சைக் கொடுத்தால் திணறுகிறார்கள். ஆகவே அடுத்த பேட்ச்சுக்கு மூடி இல்லாமல் கொடுங்கள், சிரிஞ்சின் உடம்பில் அச்சடித்த எண்ணைப் படிக்கட்டும்.

எங்கே உடைகிறது

பெரும்பாலான இடங்களில் இது இரண்டாவது செமஸ்டரில் நின்றுபோகிறது. முதல் காரணம் மணிக்கணக்கு. வாரம் ஒரு மணி நேரத் தியரி ஒரு கிரெடிட், லேப் என்றால் இரண்டு மணி, கிளினிக்கல் என்றால் நான்கு மணி என்று மாணவிக்குக் கணக்கு இருக்கிறது. ஆசிரியருக்கு? இரண்டு மணி நேர வகுப்பில் ஐவர் நின்றால் பணிப்பதிவேட்டில் யாருக்கு எழுதுவது? ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவர்கள் ஒருமுறை அன்புக்காக வருவார்கள், மறுமுறை வர மாட்டார்கள். நின்ற ஒவ்வொருவருக்கும் முழு இரண்டு மணி நேரம், திட்டமிட்ட கூட்டத்துக்கும் சேர்த்து எழுத வேண்டும். இது பிரின்சிபால் கையில் இருக்கும் முடிவு, பல்கலைக்கழகத்திடம் போக வேண்டியதில்லை.

இரண்டாவது பதவி. நம் கல்லூரிகளில் பேராசிரியர் பேசும்போது டியூட்டர் குறுக்கே பேசுவதில்லை. ஆனால் வார்டுக்குத் தினம் போகிறவர் டியூட்டர்தான், எந்த சிரிஞ்சு வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். இதற்கு உபதேசம் உதவாது, ஒழுங்கு வேண்டும். திட்டக் கூட்டத்தில் இளையவர் முதலில் பேச வேண்டும் என்று வைத்துவிடுங்கள். மூத்தவர் பேசியபின் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். வகுப்பில் திருத்த வேண்டியிருந்தால் பயன்படுத்தும் ஒரு வாக்கியத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். "மேடம், இதை வார்டு பக்கமிருந்தும் ஒருமுறை பார்த்துடலாமா?" என்பதுபோல. அதைக் கேட்டதும் மூத்தவர் நிறுத்த வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

மூன்றாவது மார்க். சேர்ந்து கற்பித்துவிட்டுத் தனித்தனியாக மார்க் போட்டால் வாசலில் பழைய கேள்வி திரும்ப வந்துவிடும். ரீ-டெமோ சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. தேர்வுக்கு முன்பு ஒரு டியூட்டர் வேண்டுமென்றே நான்கைந்து தவறுகளோடு செய்து காட்ட, மார்க் போடப்போகும் எல்லோரும் பேசாமல் மார்க் போட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். 20க்கு ஒருவர் 17ம் இன்னொருவர் 12ம் போட்டிருந்தால் எந்த வரியில் பிரிந்தோம் என்று பாருங்கள். அப்போது தெரியும், ஒருவர் பேச்சு நயத்துக்கு மார்க் கொடுத்திருக்கிறார், மற்றவர் நோயாளியின் பெயரைக் கேட்காததற்குக் குறைத்திருக்கிறார். பட்டியலில் சில வரிகள் தனியாக நிற்க வேண்டும்: ஆளைச் சரிபார்த்தல், லேபிளும் சிரிஞ்சும் பொருந்துதல், காலாவதி, சாப்பாடு வருமா என்று கேட்டல், பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாமை. இதில் ஒன்று விட்டாலும் மொத்த மார்க் என்னவாக இருந்தாலும் திரும்பச் செய்ய வேண்டும்.

நான்காவது, வார்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1946இலேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய இடம். அங்கே கற்பிப்பவர்களே நோயாளிப் பராமரிப்பிலும் பொறுப்பு ஏற்கும் முறை உண்டு. வகுப்பில் சொன்னதை மறுநாள் தன் வார்டிலேயே பார்க்க வேண்டியிருப்பதால் லேபுக்கும் வார்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழாது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு அந்த வசதி இல்லை. மருத்துவமனை வேறு நிர்வாகம், ஆசிரியர் அங்கே விருந்தாளி, இன்சார்ஜ் சிஸ்டருக்கு இந்தக் கூட்டத்துக்கு வர ஆள் மாற்றிவிட முடியாது. அப்படியானால் கூட்டத்தை அவரிடம் கொண்டுபோங்கள். மதியம் இரண்டு மணிக்கு, மார்னிங் டியூட்டி முடிந்து ஹேண்ட் ஓவர் ஆனபின், வார்டு நர்சிங் ஸ்டேஷனிலேயே அரை மணி நேரம். அவர் பெயரும் அந்த ஒரு பக்கத் தாளில் இருக்க வேண்டும், அழைக்கப்பட்டவர் என்று இல்லாமல், முடிவெடுத்தவர்களில் ஒருவராக.

இன்னொன்று உண்டு, பலரும் யோசிக்காதது. டியூட்டர்கள் நடுவில் வேலையை விட்டுப் போவார்கள். வெளிநாட்டு வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், அரசுப் பணி வரும். புதிதாக வருகிறவர் தன் கல்லூரியில் கற்ற முறையோடு வருவார், வந்த மறுநாளே லேபில் நிறுத்திவிடுகிறோம். அவர் கையில் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள். அவர் படித்துவிட்டு எந்த வரியில் மாறுபடுகிறார் என்று பென்சிலால் குறிக்கட்டும். ஐவரும் பார்க்காத ஏதாவது அவர் கண்ணில் படக்கூடும். அந்த வரிகளைப் பேசித் தீர்த்து, ஒரு மேசையில் ஒரு பேட்ச்சுக்கு அவரைப் பக்கத்தில் நிற்கவைத்து, தாளின் கீழே ஆறாவது கையெழுத்தைப் போடவைத்த பிறகு ரீ-டெமோ நாற்காலியைக் கொடுக்கலாம்.